சம்மாட்டியின் கை ஒரு சாண் குறைந்தது

"பொறுமையின் உறைவிடம், சாந்தத்தின் மறுவடிவம், இல்லமே உலகமென வாழும் முன்மாதிரி இல்லத்தரசி." குருநகர் அற்புதராணிக்கு அன்னையர் ஒன்றியம் கொடுத்த சான்றிதழில் இப்படித்தான் அச்சிட்டிருக்கிறது. இல்லமே உலகமென வாழ்பவர் விடியுமுன் மீன்பெட்டியோடு சுன்னாகம் பஸ் ஏறி, சந்தையில் உச்சிவெயில் வரைக்கும் நின்று, விலை குறைத்துக் கேட்பவர்களின் பரம்பரையையும் சேர்த்துப் பேசிவிட்டுத்தான் வீடு திரும்புகிறார். சாந்தத்தைப் பற்றி அவருடைய கணவர் சிமியோனிடம் கேட்டால், "சேட்டிபிக்கற்றை நல்ல உயரத்திலைதான் கொழுவியிருக்கிறன். அவவுக்குக் கோபம் வந்தாலும் எட்டாது" என்பார்.

கொழுவியிருப்பது தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேலே. அதற்குக் கீழேதான் சண்டை நடக்கிறது.

யப்பான்காரர் செய்த சண்டை விளையாட்டு அது. இரண்டு பேர், கடதாசியில் வரைந்து வெட்டி நிறுத்தியதுபோல் எதிரெதிரே நின்று, ஒருவர் விழும்வரை அடித்துக்கொள்வார்கள். முன்னுக்குப் போகலாம், பின்னுக்குப் போகலாம், குதிக்கலாம். பக்கத்தால் நழுவ வழியில்லை. நோர்வேயிலிருந்து விடுமுறைக்கு வந்த தமையன் மகன் லெனாட் கொண்டுவந்து விட்டுப்போனது. உந்தக் குப்பையில் ஒன்றுமில்லை என்று காட்டுவதற்காகத்தான் அற்புதராணி முதன்முதல் கொன்ரோலரைக் கையில் எடுத்தார். லெனாட் ஒரே மூச்சில் அவரை விழுத்தினான். ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரம் இன்னும் இறங்கவில்லை, கொன்ரோலரும்தான். வெள்ளிக்கிழமைகளில் சுன்னாகத்துச் சைவர்கள் மச்சம் வாங்குவதில்லை என்பதால் வெள்ளி முழுக்கப் பயிற்சி. அயலாரின் விரதம் ஒரு கத்தோலிக்கப் பெண்ணுக்கு அடிதடி பழக்கியது.

பருத்த உடம்பும் நரைத்த தாடியுமாக அசைந்து நடக்கும் ஒரு மல்லன் அவருடைய ஆள். யப்பானியப் பெயர் வாயில் நுழையாததால் 'சம்மாட்டி' என்று பெயர் வைத்தார். நாலு வள்ளம் வைத்திருக்கும் முதலாளியின் நடைதான் அது. சம்மாட்டிக்குக் குதிக்க வராது, நெருப்பு எறிய வராது. கையை நீட்டிப் பிடிப்பார். மிச்சத்தை நிலம் பார்த்துக்கொள்ளும். திருநாள் வாரத்தில் பங்கு மண்டபத்தில் இளைஞர் கழகம் நடத்தும் போட்டியில், அது தொடங்கிய நாளிலிருந்து அற்புதராணியை எவரும் வென்றதில்லை. கட்டிக் கொடுக்கும் வயதில் மகள் இருக்கிற ஒருத்தியிடம் வருடாவருடம் அடி வாங்குவது கழகத்துக்கு நோவாகத்தான் இருந்தது.

யப்பான் கொம்பனிக்கு ஒரு பழக்கம் உண்டு. அதே விளையாட்டைக் கொஞ்சம் திருத்தி, நாலு புதுமுகம் சேர்த்து, பெயரில் ஒரு வாலை ஒட்டித் திரும்ப விற்கும். "நேற்றையான் குழம்பைச் சூடாக்கி, ரெண்டு உருளைக்கிழங்கு வெட்டிப் போட்டு, புதுக்கறி எண்டு விக்கிறாங்கள்" என்பார் அற்புதராணி. "நான் இப்பிடி மீன் வித்தா என்னைச் சந்தைக்குள்ளை விடுவினமே?"

இந்த வருடம் ஞாயிறு பூசை முடிந்ததும் திருவுளச்சீட்டு எடுத்தார்கள். அற்புதராணிக்கு எதிராக விழுந்த பெயர் கொலின்ஸ். ரவுணில் போன் கடையில் வேலை, கழகத்தின் செயலாளர், வாய் கொஞ்சம் நீளம். இரண்டு நாள் கழித்து அவன் கொழும்பிலிருந்து எடுப்பித்த புதுப் பதிப்பின் இறுவட்டை மண்டபத்து இயந்திரத்தில் போட்டான். பழகிப்பார்க்க வந்த அற்புதராணி வழக்கமான தூரத்தில் நின்று பிடித்தார். கையில் காற்றுத்தான் வந்தது. திரும்பவும் பிடித்தார். திரும்பவும் காற்று.

"டேய் கொலின்ஸ், இவன்ரை கையை ஆர் வெட்டினது?"

"கொம்பனிதான் அன்ரி. பிடி கனக்க நீளமாம், ஆக்கள் முறைப்பாடாம். குறைச்சிருக்கினம்."

"முறைப்பாடு குடுத்த மூஞ்சி எனக்கு இஞ்சையே தெரியுது."

"ஐயோ அன்ரி, யப்பானிலை என்ரை சொல்லை ஆர் கேக்கிறது? வீட்டிலை அம்மாவே கேக்கிறேல்லை."

மண்டபம் சிரித்தது. அற்புதராணி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினார். போனது பங்குச் சுவாமியிடமும் அல்ல, கழகத் தலைவரிடமும் அல்ல; இறங்குதுறையில் நின்ற கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் தேவராசாவிடம். ஆழமில்லாத பரவைக்கடலில் தடி நட்டு வலை கட்டும் இடங்களைச் சங்கம் சீட்டுப் போட்டுத்தான் பிரிக்கிறது. சீட்டு விழுந்த பிறகு இடமும் மாறாது, வலைக்கண்ணின் அளவும் மாறாது. அடுத்த சீட்டு வரைக்கும் அப்படியே.

"தேவராசா அண்ணை, சீட்டு விழுந்தாப் பிறகு வலையின்ரை கண்ணை மாத்தலாமோ?"

"ஏலாது. எந்த இடத்திலை மாத்தினவங்கள்?"

"பங்கு மண்டபத்திலை."

தேவராசா யோசித்தார். "அங்கை என்ன மீன் படுறது?"

விளங்கப்படுத்த நேரம் எடுத்தது. முழுதாக விளங்கவும் இல்லை. ஆனாலும் மண்டபத்துக்கு வந்து, திரையைப் பார்த்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"உவங்கள் ரெண்டு பேரும் என்னத்துக்கு அடிபடுறாங்கள் எண்டு எனக்குத் தெரியாது. சீட்டு விழுந்தண்டைக்கு எது இருந்ததோ, அதுதான். இதிலை விட்டுக்குடுத்தா, நாளைக்குக் கடலிலை நான் ஆருக்கும் நியாயம் சொல்லேலாது."

நின்ற பொடியன்கள் எல்லோருடைய தகப்பன்மாருக்கும் சீட்டில் விழுந்த இடம் இருந்தது. கொலின்ஸ் புது இறுவட்டை வெளியே எடுத்துப் பழையதைப் போட்டான். பெட்டியை மூடும்போதுதான் சொன்னான்:

"சரி, வெல்லுங்கோ அன்ரி. கப்பிலை ஆற்றை பேரை வெட்டுறது? உங்கடையோ, சங்கத்தின்ரையோ?"

சுன்னாகம் சந்தையில் அடுத்த இரண்டு நாளும் அவரிடம் விலை கேட்கவே ஆட்கள் பயந்தார்கள்.

போட்டியன்று பின்னேரம் மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் சுவாமி, பக்கத்தில் தேவராசா. மேடையேறிய அற்புதராணி கதிரையில் இருக்காமல், இயந்திரத்திலிருந்த பழைய இறுவட்டை இழுத்தெடுத்து மேசையில் வைத்தார். கொலின்சுக்கு முன்னால் கையை நீட்டினார்.

"கொண்டா."

"எதை அன்ரி?"

"உன்ரை புதுக்கறியை."

"பிள்ளை, தீர்ப்புச் சொல்லியாச்செல்லோ!" என்று தேவராசா எழும்பினார்.

"தீர்ப்புச் சரி, அண்ணை. உங்கடை நியாயத்தையும் நான்தான் கேட்டு வாங்கினனான். ஆனா இவன்ரை வாய்க்கு அது போதாது."

"இஞ்சை, உமக்கென்ன விசரே?" என்றார் சிமியோன்.

"ஓம்."

முதற் சுற்றில் கொலின்ஸ் துள்ளிக்கொண்டு கிட்ட வந்தான். சம்மாட்டி பிடித்தார், நிலம் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. சனம் கத்தியது. அடுத்த சுற்றுகளில் பொடியன் அந்த ஒரு சாண் தூரத்தைக் கண்டுபிடித்து, அதற்கு வெளியே நின்றுகொண்டான்.

அற்புதராணி தானே கேட்டுப் பெற்ற தீர்ப்பைத் தானே தள்ளிவைத்து, கை குறைந்த சம்மாட்டியோடு புதுப் பதிப்பில் விளையாடினார். தோற்றார். கொலின்சுக்குக் கை கொடுக்கவில்லை.