வெறும் வயிற்றோடு திருச்சிக்கு

பச்சைமலைப் பக்கத்திலிருந்து சிக்கிள் செல் என்ற ரத்த வியாதிக்கு வைத்தியம் பார்க்கத் திருச்சி போகிறவர்கள் யாராவது படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். பத்தாம் வகுப்புப் படிக்கிறேன். பெயர் வேண்டாம். வியாதி வெளியில் தெரிந்தால் நாளைக்குக் கல்யாணப் பேச்சில் அடிபடும் என்று அம்மாவுக்குப் பயம். அதனால் அவள் தூங்கிய பிறகு, போர்வைக்குள் அவள் போனிலேயே தட்டுகிறேன்.

ஹைட்ராக்ஸியூரியா என்ற கேப்சூலைச் சில மாதங்களாகச் சாப்பிடுகிறேன். முன்பெல்லாம் எலும்பு வலி வந்தால் பாதிப் பரீட்சை போய்விடும். இப்போது வருவதில்லை. ஆனால் அதே கேப்சூலைப் புற்றுநோய்க்கும் கொடுக்கிறார்கள், அது செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ.வையே தொடுகிறது என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். வலியை நிறுத்திய மருந்தே என்னை உள்ளுக்குள் அழிக்கிறதோ என்று அன்றிலிருந்து பயம். போன செவ்வாய்க்கிழமை ரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும் என்று நினைத்தேன்.

மலையிலிருந்து காலை ஐந்தரைக்கு பஸ். பெண்களுக்கு இலவசம். துறையூரில் மாறினால் திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டு சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம், ஆளுக்கு நாற்பது ரூபாய். இடதுபக்க சீட் வேண்டாம், வெயில் முகத்திலேயே அடிக்கும்.

ரத்தம் எடுக்கப் போனால் வெறும் வயிற்றோடு போவதுதான் எங்கள் ஊர் வழக்கம். அம்மா தண்ணீர்கூடத் தரவில்லை. மண்ணச்சநல்லூர் தாண்டும்போது முழங்காலில் அந்தப் பழைய வலி கிளம்பியது. கேப்சூல் வேலையைக் காட்டிவிட்டது என்றே முடிவுசெய்தேன். அம்மாவுக்குத் தெரியாமல் முழங்காலைத் தேய்த்துக்கொண்டேன்.

சத்திரத்தில் ஆட்டோ ஏறினோம். ஆஸ்பத்திரிக்கு நூறு ரூபாய்.

"பாப்பா ஏன் இப்படி வாடிக் கெடக்கு? டிபன் சாப்பிடலையா?" என்றார் டிரைவர்.

"ரத்தம் குடுத்துட்டுத்தாங்க சாப்பிடணும்," என்றாள் அம்மா.

"உள்ள ஒண்ணுமே போடாம ரத்தம் மட்டும் எங்கேர்ந்துங்க வரும்?"

நான் நொண்டிக்கொண்டு உள்ளே போனதை டாக்டரம்மா பார்த்துவிட்டார். "காலையிலேர்ந்து எவ்வளவு தண்ணி குடிச்சே?"

"சொட்டுத் தண்ணி குடுக்கலைங்க, டெஸ்ட்டு இருக்குல்ல," என்றாள் அம்மா பெருமையாக.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "வெறும் வயிறு சர்க்கரை டெஸ்ட்டுக்கும்மா. அந்த டெஸ்ட்டுக்கு வர்றவங்களே தண்ணி குடிக்கலாம். இவளுக்குத் தண்ணி கொறைஞ்சா சிவப்பணு அரிவாளா வளைஞ்சு ரத்தக்குழாய்ல சிக்கிக்கும். வலி அதுலேர்ந்துதான்."

அம்மா முகம் சுருங்கிவிட்டது. வலி மாத்திரை, நிறையத் தண்ணீர், பெஞ்சில் படுக்கை. மதியத்துக்குள் வலி இறங்கியது. ரத்த முடிவும் வந்தது.

"வெள்ளையணு, தட்டணு ரெண்டும் நல்லா இருக்கு. கேப்சூலைத் தொடரலாம்."

கேட்டே விட்டேன். "அது டி.என்.ஏ.வைக் கெடுக்காதா மேடம்?"

"வீடியோ பாத்தியா?" சிரித்தார். "புது அணு உருவாகுற வேகத்தை இது கொறைக்கும். அதிகமாயிட்டா வெள்ளையணு எறங்கும். அதுக்குத்தான் எண்ணிப் பாக்குறோம். எறங்குனா நிறுத்திட்டு, ஏறினப்புறம் குடுப்போம். வருஷக்கணக்கா சாப்பிடுறவங்களுக்கு இதனால புத்துநோய் கூடுதுன்னு இதுவரைக்கும் தெரியலை. வரவே வராதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். பாத்துக்கிட்டே இருப்போம், சரியா?"

சத்தியம் செய்திருந்தால் ஒருவேளை நம்பியிருக்க மாட்டேன். பயம் முழுக்கப் போகவில்லை, ஆனால் அதைச் சொல்ல ஓர் ஆள் கிடைத்துவிட்டார்.

ஒன்றாம் நம்பர் டவுன் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் போனோம். ராஜகோபுரத்துக்கு முன்னால் துளசி மாலை விற்றவரைத் தாண்டிப் போய் அம்மா தண்ணீர் பாட்டில் வாங்கினாள். "பெருமாள் காத்துக்கிட்டு இருப்பாரு. நீ மொதல்ல குடி."

போகிறவர்களுக்கு: இந்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை, டாக்டர் தனியாகச் சொன்னாலொழிய. பாட்டிலை நிரப்பிக்கொண்டு ஏறுங்கள். காய்ச்சல் வந்தால் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கேப்சூலைப் பிரித்துத் தண்ணீரில் கலக்காதீர்கள், முழுசாக விழுங்குங்கள். ரத்தம் பார்க்கும் நாளைத் தவற விடாதீர்கள். சந்தேகத்தை வீடியோவிடம் கேட்காமல் டாக்டரிடம் கேளுங்கள், திட்ட மாட்டார்கள்.

இதைத் தட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் அம்மா புரண்டு படுத்தாள். போனை அணைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"ஒரு டம்ளர் தண்ணி குடிச்சிட்டு எழுதுடி."