பெருக்கிய வாசல்

குசினிக் கதவுக்குப் பின்னால் மாமியின் ஈர்க்கு விளக்குமாறு நிற்கிறது. அதைக் காணும்போதெல்லாம் என் மடத்தனம்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும். முற்றத்தில் பூச்செடிகள் பூத்துவிட்டால் என் மனைவி பிழைத்துவிடுவாள் என்று நான் நம்பினேன். சங்கக்கடை மனேஜராக இருந்து, மூட்டைக் கணக்கில் ஒரு கிலோ பிசகினாலும் கண்டுபிடிக்கிற ஆள் நான். அப்படிப்பட்டவன் காசித்தும்பை விதையை நம்பி உட்கார்ந்திருந்தேன்.

கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று அவள் போனில் ஒரு படம் காட்டினாள். ஏதோ குளிர் நாட்டு வீடு. வளைந்த சிறு பாதை. இரு பக்கமும் உயரமும் குட்டையுமாகப் பூக்கள் கலந்து, ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து, பாதி வழியை மறித்துக்கொண்டு நின்றன. கொட்டேஜ் கார்டன் என்று பெயராம். "இஞ்சேருங்க, இப்பிடி ஒரு இடத்தில ஒரு நாளைக்காவது கதிரை போட்டு இருக்கணும்" என்றாள். "நீ வரக்குள்ள கதிரையும் இருக்கும், பூவும் இருக்கும்" என்றேன். வாய் என்னுடையது, அது என்னைக் கேட்டுக்கொண்டு பேசியதில்லை.

பெண்கள் வார்ட்டில் ஆம்பிளைகள் தங்க முடியாது. அவளுடைய தங்கை கூட நின்றாள். நான் கிழமைக்கு ஒருமுறை பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, மிச்ச நாட்களில் தோட்டம் போட்டேன். யூடியூப்பில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி, தண்ணீர் நன்றாக வடிகிற மண் வேண்டும் என்றார். வாவிக் கரையில் எங்கள் வளவு மணலுக்கு அதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. சத்துக்காக வட்டையிலிருந்து வண்டியில் வயல் மண் இறக்கினேன், சாணம் கலந்தேன். நைலோன் கயிற்றை முற்றத்தில் பாம்பு மாதிரி வளைத்துப் போட்டு, அதன் வழியே பாதை வெட்டி ஓட்டுத் துண்டு பதித்தேன். பின்னால் செவ்வரத்தை, நடுவில் சீனியா, முன்னால் பட்டிப்பூ. இடைவெளியெல்லாம் காசித்தும்பை விதையை அள்ளி வீசினேன். கிழவி அப்படித்தான் வீசினார்.

அப்போதுதான் கச்சான் காற்று தொடங்கியது. வெயிலைக் காய்ச்சி ஊற்றுகிற காற்று. கிணறு உவர்த்தது. நான் பாசத்தோடு ஊற்றிய தண்ணீரில் இலைகளின் ஓரம் கருகியது. ஒரு செடி வாடினால் கொழும்புக்குப் போன் போடுவேன். "என்ன, காலையில சாப்பிட்டியா? மயக்கம் கியக்கம் இருக்கா?" சீனியாவின் உடல்நிலையை மனைவியிடம் விசாரித்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஒருநாள் அவள் பூத்ததா என்று கேட்டாள். பக்கத்து வளவில் செவ்வரத்தைப் பூ பறித்து, பட்டிப்பூச் செடியின் காம்புகளில் செருகிப் படம் எடுத்து அனுப்பினேன். உடனே பதில் வந்தது. "பட்டிப்பூவில செவ்வரத்தை பூக்க வச்ச மனுசன் நீங்கதான்." அன்றைக்கு அவள் நன்றாகச் சிரித்தாளாம். தங்கை சொன்னாள். சிரித்த பிறகு வாந்தி எடுத்ததையும் சொன்னாள்.

இது இவ்வளவும் மாமியின் முற்றத்தில் நடந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் வீடு மகளுக்குத்தான். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து ஏறுகிறவன். மாமி விடியற்காலையில் பின்பக்கமாக நடந்துகொண்டே பெருக்குவார்; வெள்ளை மணலில் விசிறி விசிறியாகக் கோடு விழும். ஒரு சருகு கிடந்தால் அவருக்குச் சோறு இறங்காது. "என்ன மருமகன், வளவைக் காடாக்கிறீங்க? பாம்பு பூரப்போகுது" என்பார். நான் பகிடி விட்டுச் சமாளிப்பேன். ஆனால் வீசிய விதை எல்லாம் காலையில் வேலியோரக் குவியலில் கிடக்கும். நான் திரும்ப வீசுவேன். அவர் திரும்பப் பெருக்குவார்.

மருந்து கேட்கவில்லை என்று டொக்டர் சொன்ன மறுநாள், ஓட்டுத் துண்டுகளுக்கிடையே தப்பித்தவறி முளைத்திருந்த இரண்டு குருத்தை விளக்குமாறு இழுத்துக்கொண்டு போனது. நான் பாய்ந்து அதைப் பிடித்தேன். "மாமி! அது செத்தா அவள் செத்துருவாள்!" என்று கத்தினேன். சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது.

மாமி விளக்குமாற்றை விடவில்லை. ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"பெருக்காமக் கிடக்கிறது செத்த வீட்டு வாசல் மருமகன்" என்றார். "எண்ட புள்ள உசிரோட இருக்கக்குள்ள நான் எப்பிடிப் பெருக்காம விடுற?"

கையை எடுத்தேன். அவர் மிச்சத்தையும் பெருக்கினார். அதன் பிறகு நான் விதை வீசவும் இல்லை, வீசாமல் இருக்கவும் இல்லை. மாமி பார்க்காத நேரத்தில் ஒரு பிடி.

ஐப்பசி மழைக்கு முந்திய கிழமை அவளைப் பெட்டியில் கொண்டுவந்தோம். பந்தல்காரர் கதிரை இறக்கினார்கள். அவள் கேட்ட கதிரை அன்றைக்கு முற்றம் முழுக்க இருந்தது. வந்த சனம் பட்டிப்பூவையும் சீனியாவையும் மிதித்துக்கொண்டு நின்றது. நான் ஒருவரையும் தள்ளி நில்லுங்கள் என்று சொல்லவில்லை.

மாமி பாயில் சுருண்டார். விளக்குமாற்றை யாரும் தொடவில்லை. மழை நாள்கணக்கில் பெய்து மண்ணின் உவர்ப்பைக் கழுவியது. வேலியோரத்தில், படியடியில், ஓட்டுத் துண்டுகளின் நடுவில், மாமி பெருக்கி ஒதுக்கிய இடமெல்லாம் காசித்தும்பை முளைத்தது. மழை விட்ட ஒரு காலையில் எழும்பிப் பார்த்தால், ரோசாவும் வெள்ளையும் ஊதாவுமாகப் பாதையை மறித்துக்கொண்டு, போனில் பார்த்த அதே மாதிரி நிற்கிறது. போனை எடுத்துப் படம் பிடித்தேன். அனுப்புகிற இடத்துக்கு வந்தபோது விரல் நின்றது.

மாமி இப்போது மறுபடியும் பெருக்குகிறார். ஆனால் படியிலிருந்து வேலிப் படலை வரைக்கும்தான். ஓர் ஆள் நடந்து வருகிற அகலத்துக்கு. பிறகு விளக்குமாற்றைக் குசினிக் கதவுக்குப் பின்னால் வைத்துவிடுவார். இரு பக்கமும் வருடா வருடம் காசித்தும்பை தானாக முளைத்துத் தானாகப் பூக்கிறது. அவள் அதைப் பார்க்கவில்லை.