என் தம்பி மடியில்தான்

ஓர் ஆவணி மாதம் எனக்கு வலது காது விண்விண்ணென்று வலித்தது. பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை விட்டும் வலி நிற்கவில்லை.

என் மகளுக்கு மூன்று வயது முடியப்போகிற சமயம். வடமதுரைப் பக்கம் இருக்கிற எங்கள் குலசாமி அம்மன் கோயிலில் காது குத்துவதாக நேர்ந்திருந்தோம். ஒற்றைப்படை வயதில்தான் குத்துவோம்; மூன்று தப்பினால் ஐந்து. பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். தாய்மாமனோ, என் தம்பி, குவைத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். அப்பா இல்லாத வீட்டில் என்னைக் கட்டிக்கொடுப்பதற்காகப் படிப்பை விட்டுப் போனவன். லீவு கிடைக்கவில்லை என்றான். அவன் வரட்டும் என்று தள்ளிப்போட்டேன்.

என் வீட்டுக்காரரின் அக்காவுக்கு அது ஆகவில்லை.

"ஏத்தா, நேந்ததைத் தள்ளிப்போட்டா அம்மன் சும்மா விடுவாளா? பிள்ளைக்குக் காது குத்தாம வச்சிருக்க, அதான் உன் காதைப் பிடிச்சுத் திருகுறா. உங்க சித்தப்பா மகன் இங்கனதான இருக்கான்? அவன் மடியில வச்சு இந்த மாசமே முடிச்சிருவோம்."

"கூடப்பொறந்தவன் இருக்கைல இன்னொருத்தன் மடி எதுக்கு மதினி?"

"அம்புட்டு வலியிலயும் வாய் குறையலையே!"

திண்டுக்கல்லில் காது டாக்டர் லைட் அடித்துப் பார்த்தார். காது சுத்தமாக இருக்கிறது, வலி வேறு எங்கிருந்தோ வருகிறது, பல்லைக் காட்டிப் பாருங்கள் என்றார். மதினிக்கு முதல் பாதி போதுமானதாக இருந்தது.

"பாத்தியா, டாக்டரே காதுல ஒண்ணுமில்லைன்னுட்டாரு. அப்ப யாரு வேலை இது?"

வீட்டுக்காரரும், "அக்கா சொல்றதும் சரிதான" என்று இழுத்தார்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. அவர்கள் காதில் விழட்டும் என்றே சாமி படத்துக்கு முன் நின்று சத்தமாகச் சொன்னேன். "தாயே, தம்பிக்காகக் காத்திருக்கிறவளைத் தண்டிக்கிற ஆளா நீ? இல்லைன்னு எனக்குத் தெரியும். இவங்களுக்குத்தான் உன்னைத் தெரியலை."

மறுநாளே பல் டாக்டரிடம் போனேன். எனக்குப் பல் வலித்ததே இல்லை. ஆனாலும் அந்த டாக்டரம்மா சின்னக் கம்பியால் கீழ்க் கடவாய்ப்பல்லைத் தட்டினதும் காதுக்குள் சுரீர் என்றது. பல்லின் அடியில் சீழ் பிடித்திருந்ததாம். தாடைக்கும் காதுக்கும் ஒரே நரம்பின் கிளைகள் போவதால் வலி இடம் மாறித் தெரியுமாம். பல்லை எடுத்த நாலாம் நாள் காதுவலி நின்றது.

மதினி விடவில்லை. "பல்லைக் கெடுத்ததும் அவதான்."

"அப்ப டாக்டரம்மாவைக் காட்டுனதும் அவதான் மதினி."

மூன்று தப்பியது. தப்பட்டும் என்று இருந்தேன். போன தை மாதம், பிள்ளைக்கு ஐந்து நடக்கும்போது, தம்பி வந்தான். குத்துகிற நேரம் மடியில் இருந்த பிள்ளை அலற, அவனுக்கும் கண் கலங்கிவிட்டது.

"என்னப்பு, பிள்ளைக்குக் குத்துனா உனக்கு வலிக்குதா?" என்று தாம்பாளத்தோடு நின்ற மதினி சிரித்தார்.

"என் தம்பில்ல, வலிக்கத்தான் செய்யும்" என்றேன்.