உம்மா சோடித்த அறை

இப்போது எல்லோரும் ‘அலங்காரம்’ என்றே எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் ஒட்டுவதில்லை; மேடையில் பேசுகிறவர்களின் சொல் அது. கல்முனையில் நாங்கள் சொன்னது ‘சோடனை’. அதன் வேர் என்னவென்று படித்த ஒருவரிடம் கேட்டேன். சோடி சேர்ப்பதிலிருந்து வந்திருக்கலாம், நிச்சயமில்லை என்றார். எனக்கு நிச்சயம்தான். மணமக்களின் அறையைச் சோடிக்க அயல் வீடுகளிலெல்லாம் சேலை இரவல் வாங்கி, நிறத்துக்கு நிறம் சோடி பார்த்துச் சுவரை மூடுவார்கள். அதில் என் உம்மாவை மிஞ்ச எங்கள் தெருவில் ஆளில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் என் கலியாணம் நடந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பு வாப்பா மௌத்தாகிவிட்டார். கலியாண நாளைத் தள்ளிப்போட வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். உம்மா, கணவனை இழந்தவர் துக்கம் காக்கும் இத்தாவில், வெள்ளையுடுத்தி உள்ளறையில் இருந்தார். நான்கு மாதம் பத்து நாள் நகையில்லை, பூவில்லை, மருதோன்றியில்லை.

“இத்தாவில இரிக்கிறவ சோடனையில கை வெக்கக் கூடா” என்று சொந்தக்காரப் பெண்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டு, தாங்களே சேலைகளைக் கட்டினார்கள். அவை கொடியில் காயப்போட்டவை போலத் தொங்கின. மணப்பெண்ணான எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உம்மா சோடிக்காத அறைக்குள் நான் போகமாட்டேன் என்று சொல்லி, உம்மாவின் தம்பியான மாமாவை, மார்க்கம் படித்த ஆலிமிடம் கேட்டுவர அனுப்பினேன்.

மாமா சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்.

“அவ எதச் சோடிக்கப் போறா, உடம்பையா, ஊட்டையா எண்டு ஆலிம் கேட்டார். கிதாபில தடுத்திரிக்கிறது உடம்புச் சோடனையத்தானாம். ஊட்டச் சோடிக்கலாமாம்.”

உம்மா எழுந்து வந்தார். எல்லாச் சேலைகளையும் அவிழ்த்து, முதலிலிருந்து கட்டினார். கடைசியில் சிவப்புக் கடுதாசியில் பூச்செய்து, கட்டிலுக்கு மேலே பசை பூசி ஒட்டினார். அறையைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

திரும்பிப் பார்த்தால் உம்மாவைக் காணவில்லை. வீட்டு வளவுக்குள் கிணற்றடியில் குந்தியிருந்தார். பசையில் நனைந்த கடுதாசியின் சாயம் விரல் நுனிகளிலெல்லாம் ஏறியிருந்தது. மருதோன்றியிட்ட என் கைக்கும் அவருடைய கைக்கும் ஒரே சிவப்பு. சாறு பிழிந்த தேசிக்காய்த் தோலால் ஒவ்வொரு விரலாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“உடுங்க உம்மா, அது கடுதாசிச் சாயந்தானே” என்றேன்.

“ஓம் மகள், சாயந்தான்” என்றார். தேய்ப்பதை நிறுத்தவில்லை.