சிவப்போடு சிவப்பு

என் நோய்க்கு எங்கள் வீட்டில் முதலில் கிடைத்த பெயர் சூதானம். வாசலைத் தாண்டியதும் கேஸை மூடினேனா என்று திரும்பி வருவேன். வெளியே கிளம்பியவர் திரும்பி வந்தால், உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நானும் குடிப்பேன், கிளம்புவேன், திரும்புவேன், மறுபடி குடிப்பேன். "எங்கூட்டு மருமக சகுனம் பாக்காம படி எறங்க மாட்டா" என்று மாமியார் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வயிறு முட்டத் தண்ணீரோடு நான் பொள்ளாச்சி பஸ்ஸைக் கோட்டை விட்டதெல்லாம் அந்தப் பெருமையில் சேராது.

பாலக்காட்டில் ஒரு மனநல டாக்டர்தான் இதை ஓசிடி, எண்ணச் சுழல் நோய் என்றார். மாத்திரையில் கொஞ்சம் அடங்கியது. ஆனால் குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது என்றும் அவர் சொல்லிவைத்தார். அன்றிலிருந்து மகளைப் பார்க்கும் என் பார்வையே கெட்டுப்போனது. அவள் எங்கள் ஊரான கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில் தமிழ் மீடியம் ஐந்தாம் வகுப்பு. எழுதியதை அழித்துவிட்டு அதையே திரும்ப எழுதுவாள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று டீச்சர் மெச்சினார். நான் நோட்டைப் புரட்டி அழித்த இடங்களை எண்ணினேன்.

"ஏனுங்க, புள்ளையவும் ஒருக்கா காட்டீட்டு வரலாமுங்க" என்றேன் கணவரிடம்.

"உன்ற நோவ அவ தலையில கட்டாத" என்றார். சுருக்கென்றது. இருந்தாலும் அதே டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

பரிசோதித்தது ஒரு இளம்பெண். என்னைப் பின்னால் பேசாமல் உட்காரச் சொன்னார். மேசையில் நான்கு சீட்டுகள். மகள் கையில் ஒரு கட்டு. ஒவ்வொரு சீட்டையும் அந்த நான்கில் ஒன்றோடு சேர்க்க வேண்டும். எதை வைத்துச் சேர்ப்பது என்று சொல்ல மாட்டார்கள். வைத்த பிறகு சரி என்றால் "செரி", தப்பு என்றால் "தெற்று" என்று மட்டும் மலையாளத்தில் சொல்வார்கள்.

மகள் நிறம் பார்த்துச் சேர்த்தாள். "செரி, செரி" என்று வந்தது. பாதியில் அந்தப் பெண் சொல்லாமலே விதியை மாற்றினார். இனி நிறம் தப்பு, உருவம்தான் சரி.

"தெற்று."

மகள் மறுபடியும் சிவப்போடு சிவப்பை வைத்தாள்.

"தெற்று."

மறுபடியும் அதையே செய்தாள். எழுந்துபோய் அவள் கையைப் பிடித்து மாற்றி வைத்துவிடலாமா என்றிருந்தது. அவள் கழுத்தில் வேர்வை வழிந்தது.

டாக்டர் ஆறுதலாகத்தான் பேசினார். "ஞாபகசக்தி நல்லா உண்டு. ஒரு வழியில இருந்து வேற வழிக்கு மாறத்தான் சமயம் எடுக்குது. நோயாளியோட ரத்தபந்தத்துல, நோயே வராதவங்களுக்கும் இப்படி இருக்கலாம். இது வெச்சு நோய்னு சொல்ல முடியாது. பேடிக்க வேண்டாம், பயமே வேண்டாம்."

"மலையாளத்துல சொன்னதால தடுமாறியிருப்பாளுங்களா?"

அவர் சிரித்தார். கொழிஞ்சாம்பாறைப் பிள்ளைக்கு அந்த இரண்டு வார்த்தை தெரியாதா என்றார். நான் தமிழ் மீடியத்தின் மேல் பழியைப் போட்டுக்கொண்டே பஸ் ஏறினேன். மனதுக்கு அது சௌகரியமாக இருந்தது.

ஊருக்குத் திரும்பும் வழியில் சித்தூர் தாண்டியதும் கேட்டேன். "அந்தக்கா பாதியில மாத்துனது உனக்குத் தெரியலையா கண்ணு?"

"தெரிஞ்சுதுங்மா."

"அப்பறம் ஏஞ்சாமி அதையே வெச்ச?"

அவள் ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை. "மாத்தி வெச்சா உங்களுக்கு என்னமோ ஆயிருமுன்னு இருந்துச்சுங்மா."

"டாக்டருகிட்டச் சொல்லியிருக்கலாமல்ல?"

"அவரு அதக் கேக்கலீங்களே."

திரும்பிப் போய்ப் பார்க்காவிட்டால் இவளுக்கு என்னவோ ஆகிவிடும் என்றுதான் என் தலையும் நாள் முழுக்க என்னிடம் சொல்லிக்கொண்டிருக்கிறது. டாக்டரிடம்கூட நான் அதைச் சொன்னதில்லை. இவள் காதில் அது விழ வழியே இல்லை.