பின்னறையில் சரோஜா அக்கா

சரோஜா அக்கா இறந்த செய்தியை நமக்கு ஒரு ஃப்ளெக்ஸ் பேனர்தான் சொன்னது. திருப்பதியில் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்த நம் முனிரத்தினத்துக்கு, சிக்னலில் நின்றபோது டிரைவர் அதைப் படித்துக் காட்டியிருக்கிறார். முனிரத்தினம் உடனே சித்தூரில் இருக்கும் எனக்கு போன் செய்தார்.

"சார், நம்ம அக்கா போய்ட்டாங்களாம். பேனர் கட்டிக்கினு இருக்காங்க. கறுப்புக் கண்ணாடி போட்ட போட்டோவாம், சார்."

அக்கா ஒருநாளும் கறுப்புக் கண்ணாடி போட்டதில்லை. யாரோ கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டிருக்கிறார்கள்.

அவருடைய தம்பியை அழைத்தேன். தகனம் முடிந்துவிட்டது என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொந்தக்காரங்களுக்கே சொல்ல நேரமில்ல சார்" என்று வைத்துவிட்டார். நண்பர்களே, ஞாயிறுதோறும் அவர் பக்கத்தில் உட்கார்ந்த நம்மில் ஒருவருக்குக்கூட அவர் கையைக் கடைசியாகத் தொட வாய்க்கவில்லை.

அக்கா நாகலாபுரத்துக்காரர். கல்யாணமாகித் திருப்பதிக்கு வந்தவர். மகன் பிறந்த பிறகு அவருக்கு முதலில் மாலை வெளிச்சத்தில் பார்வை போனது; பிறகு பக்கவாட்டில் சுருங்கியது; கடைசியில் ஒன்றும் மிஞ்சவில்லை. டிரைவர் வேலைக்கு குவைத் போயிருந்த கணவர், அது தெரிந்ததும் பேசுவதை நிறுத்திக்கொண்டார். மாற்றுத்திறனாளிகளுக்கான ஒதுக்கீட்டில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு எஸ்.டி.டி. பூத் கிடைத்தது. அந்த வருஷங்களில் நம் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் ஒருவராவது வளைகுடாவில் இருந்தார். நாளெல்லாம் ஊராருக்குக் குவைத் நம்பர் போட்டுக் கொடுத்த அக்காவுக்கு அங்கிருந்து ஒரு அழைப்பும் வரவில்லை.

கண் மங்கிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக அந்த பூத்துக்கு வர ஆரம்பித்தோம். செல்போன் வந்து பூத்தை மூடவைத்தது. கூட்டத்தை மூட முடியவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு அறை கொடுத்தார்கள். எந்த டாக்டர் உண்மையைச் சொல்கிறார், ஸ்டிக்கோடு எப்படி ரோடு தாண்டுவது, வேலையை விடச் சொல்லும் வீட்டாரிடம் என்ன பேசுவது என்பதெல்லாம் அங்கே பேச்சாக இருந்தது. தமிழும் தெலுங்கும் கலந்து சண்டையும் போட்டோம்.

ஒரு கோடைகாலத்தில் நகைக்கடை முதலாளி ஒருவர் போட்டோகிராபரோடு வந்தார். எல்லாரும் வரிசையாக நில்லுங்கள், கம்பளி தருகிறேன் என்றார். சிலர் எழுந்தும் விட்டோம். அக்கா எழவில்லை.

"திருப்பதி வெயில்ல கம்பளியா? நாங்க நடுங்கிக்கினு இருக்கோம்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"அது இல்லம்மா, ஒரு உதவி…"

"உதவின்னா உங்க கடையில எங்காளுங்க ரெண்டு பேருக்கு வேலை குடுங்க. போன் எடுத்துப் பேசத் தெரியும். போட்டோ அப்புறம் புடிச்சிக்கலாம்."

"பொகரு எக்குவே" என்று அவர் தெலுங்கில் முணுமுணுத்தது எல்லாருக்கும் கேட்டது. திமிர் அதிகம்தானாம். அடுத்த ஞாயிறு அறை பூட்டிக் கிடந்தது. ரிப்பேர் வேலை என்றார்கள். அந்த ரிப்பேர் இன்றுவரை முடியவில்லை. அன்றிலிருந்து நாம் பூங்கா பெஞ்சுகளில் உட்காருகிறோம். பேனரில் பெரிய எழுத்தில் இருப்பது அந்த முதலாளியின் பெயர்தான் என்றும் முனிரத்தினம் சொன்னார்.

அவ்வளவு நிமிர்ந்து பேசியவரை நான் இன்னொரு கோலத்திலும் பார்த்தேன். மகன் பிரசாத் என்ஜினியரிங் முடித்து, பெங்களூருக்குப் போய், அங்கிருந்து அமெரிக்காவுக்கும் போன பிறகு அவனுக்குக் கல்யாணம் நடந்தது. நம்மில் சிலர் போயிருந்தோம். மண்டப வாசலில் அக்காவின் தம்பி நிறுத்தினார். "கோச்சிக்காதீங்க சார், கும்பலா உள்ள போகாதீங்க. பொண்ணு வீட்டுக்காரங்க கேப்பாங்க." நேராகப் பந்திக்கு அனுப்பினார்.

அக்கா மேடையில் இல்லை. மிச்சமிருந்த கொஞ்சம் பார்வையோடு விசாரித்துக்கொண்டே போனேன். பின்னால், காய்கறி மூட்டைகள் அடுக்கிய அறையில், பட்டுப்புடவையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண்ணில் ஆபரேஷன் செய்திருக்கிறது, வெளிச்சம் படக்கூடாது என்று பெண் வீட்டாரிடம் சொல்லிவைத்திருந்தார்களாம்.

"என்னக்கா இது?" என்றேன்.

"கத்தாதீங்க சார். இது பரம்பரையா வர்றதுன்னு தெரிஞ்சா யார் பொண்ணு குடுப்பாங்க? அவன் வாழணும்ல. நீங்க போய் துன்னுங்க."

கெட்டிமேளச் சத்தம் கேட்டது. அக்கா மடியிலிருந்த அட்சதையை எடுத்து, மேளம் வந்த திசையில், சுவரைப் பார்த்துப் போட்டார்.

காரியம் முடிந்த ஞாயிறு, பூங்காவுக்கு ஒரு பெண் வந்தார். மருமகள் சுனிதா.

"அத்தை போன்ல உங்க நம்பருங்கதான் நெறைய இருந்துச்சு. அத்தைக்குக் கண்ணு நிஜமாவே கல்யாணத்தப்போ சொன்ன அந்த ஆபரேஷன்லதான் போச்சா, சார்?"

 அவரே தொடர்ந்தார். "எம் பொண்ணு சாயங்காலமானா செவுத்துல இடிச்சிக்கிறா. அமெரிக்காவுல டாக்டர், குடும்பத்துல யாருக்காவது இருக்கான்னு கேட்டாரு. இல்லன்னு அடிச்சு சொன்னேன், சார். பக்கத்துல இவரும் உக்காந்துக்கினு இருந்தாரு."

முனிரத்தினம்தான் சொன்னார். "ஆபரேஷன் எதுவும் இல்லம்மா. அக்காவுக்கும் எங்கள மாதிரிதான்."

அந்தப் பெண் அழவில்லை. "தினம் வீடியோல பேத்தியக் கொஞ்சுவாங்களே, சார். ஒரு வார்த்தை சொல்லலையே" என்றார். பிறகு ஸ்டிக் எங்கே கிடைக்கும், சிறு பிள்ளைகளுக்கு என்ன அளவு என்று கேட்டுக்கொண்டு போனார்.

அக்காவை அந்த அறையில் உட்காரவைத்தவர்களை என்னால் மன்னிக்க முடியாது. உட்கார்ந்த அக்காவின் மேலும் என் கோபம் ஆறவில்லை. அஞ்சலியில் எழுதக்கூடாததுதான். ஆனால் பொய்யாகப் புகழ்ந்தால் அந்தக் கறுப்புக் கண்ணாடியை நானும் அவருக்கு மாட்டிவிட்டதாக ஆகும்.

கரும்பலகையில் நானே எழுதியது எனக்கு மங்கத் தொடங்கிய காலத்தில், பள்ளியில் யாரிடமும் சொல்லாமல் முதல்முறை அவரைத் தேடிப் போனேன். எவ்வளவு தெரிகிறது என்று எல்லாரும் கேட்பார்கள். அக்கா கேட்டது வேறு. "எத்தினி நாளா மறைச்சிக்கினு இருக்கீங்க, சார்?"

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்வி ஒன்றைத்தான். புதிதாக வருகிறவர்களிடம் இப்போது நான் அதைக் கேட்கிறேன். அந்த ஞாயிறு சுனிதாவிடம் கேட்கவில்லை. மறைத்தவர் அவர் இல்லை.