ஆத்தூர் பேருந்தில் மரியபுஷ்பம் சொன்னது

இந்தத் தவக்காலத்தில் நான் திண்டுக்கல் பக்கம் போனதற்குக் காரணம் என் கைப்பேசிதான். திருச்சியில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் பூசை நடக்கும்போது பைபிள் வாசகம் பார்ப்பதற்காக அதைத் திறப்பேன். விரல் எப்படியோ கிரிக்கெட் ஸ்கோருக்குப் போய்விடும். பல வாரமாகப் பிரசங்கத்தில் ஒரு வாக்கியம்கூட மனதில் நிற்கவில்லை. ஆத்தூர் அருகே ஒரு கிராமத்தில் சின்னக் கோயில் இருக்கிறது, பக்கத்திலேயே நீர்த்தேக்கம், சிக்னல் சுமார்தான் என்று நண்பர் ஒருவர் சொன்னார். போனை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிட்டேன்.

திருச்சியிலிருந்து அதிகாலைப் பேருந்தைப் பிடித்தால் வடமதுரை வழியாக இரண்டரை மணி நேரத்துக்குள் திண்டுக்கல். ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். பேருந்து நிலையத்திலேயே இட்லி சாப்பிட்டேன் (சட்னியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை). அங்கிருந்து ஆத்தூர் பேருந்து, இருபது கிலோமீட்டருக்குள்தான் இருக்கும்.

பக்கத்து இருக்கையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, மடியில் வாழையிலையில் கட்டிய மல்லிகை. பெயர் மரியபுஷ்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் அனுமதியோடுதான் எழுதுகிறேன், பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். திண்டுக்கல்லில் பூ விற்கிறார். அவர் பையைப் பிடித்தபடி ஓர் இளைஞன் நின்றுகொண்டு வந்தான். "அம்மா, ஜன்னல சாத்தவா?" என்று அவன் கேட்டதும் நான் சும்மா பேச்சுக்கு, "உங்க மகனாம்மா?" என்றேன்.

"இல்ல தம்பி. இவன் கார்த்தி. இவன் ஓட்டுன வண்டிதான் எங்க வீட்டுக்காரர் மேல ஏறுச்சு."

எனக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று தோன்றியது. அவன் முகத்தைப் பார்த்தேன். தலையைக் குனிந்தான், ஆனால் நகரவில்லை.

அவரே சொன்னார். கார்த்தி வடமதுரைப் பக்கம். காய்கறி வேன் ஓட்டியவன். இதே ஆத்தூர் சாலையில், ஓட்டிக்கொண்டே போனில் ஏதோ வீடியோ பார்த்திருக்கிறான். சைக்கிளோடு ஓரமாக நின்றிருந்தவரை அடித்துவிட்டான். "பார்த்தவுக யாருமில்ல. பெரியவர் திடீர்னு குறுக்க வந்துட்டாருன்னு போலீஸ்ல சொல்லிட்டான். கேஸ் அதோட முடிஞ்சிருக்கும். அடுத்த வாரம் இவனே என் வீட்டு வாசல்ல வந்து நின்னு, பொய் சொல்லிட்டேம்மா, போனைப் பாத்தேன்னான். கோர்ட்லயும் அதையே சொன்னான். ஜெயிலுக்குப் போனான்."

திரும்பி வந்தவன் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. ஒருநாள் அவனுடைய அம்மா வந்து, பையன் சாகப் பார்த்துவிட்டான், ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்று அழுதிருக்கிறார். மரியபுஷ்பம் போய்ப் பார்த்தார். "ஒரு உசுரு போனது பத்தாதா? அதான் ஞாயித்துக்கிழம என்கூட கோயிலுக்கு வாடான்னேன்."

"நான் கிறிஸ்டியன் இல்லண்ணே," என்றான் கார்த்தி. "அம்மா கூப்பிட்டாங்க, வாரேன்."

"மன்னிச்சிட்டீங்களா?" இப்படிக் கேட்டிருக்கக் கூடாது. வாயில் வந்துவிட்டது.

"எல்லா வாரமும் முடியறதில்ல தம்பி. பரலோக மந்திரத்துல, எங்களுக்குத் தீமை செஞ்சவங்கள நாங்க மன்னிக்கிறோம்னு ஒரு எடம் வரும்ல? முடியாத வாரம் அத மட்டும் விட்டுட்டுச் சொல்லுவேன். ஆண்டவர்கிட்ட பொய் சொல்லலாமா?"

நான் தேடிப் போன அதே கோயிலில்தான் அன்று அவர் கணவரின் நினைவுப் பூசை. ஆத்தூர்ப் பக்கம்தான் கணவருக்குச் சொந்த ஊர், அடக்கம் செய்ததும் அங்கேதான். கோயிலில் நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். மதுரையில் வேலை பார்க்கும் மகள் ஜெனிபர் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். கார்த்தி வருவது பிடிக்காமல் அவள் தாயோடு பேசியே பல மாதமாம். பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் எல்லோரும் திரும்பித் திரும்பிக் கைகூப்பினோம். கடைசி வரிசையில் கார்த்தி கைகூப்பி நின்றான். ஜெனிபர் அவனைப் பார்த்தாள். எழுந்து வெளியே போய்விட்டாள். மரியபுஷ்பத்தின் கைகள் கூப்பியபடியே நின்றுவிட்டன.

பூசை முடிந்து கல்லறைக்குப் போனோம். ஜெனிபர் அங்கே நின்றிருந்தாள். யாரும் எதிர்பார்க்கவில்லை, நேராகக் கார்த்தியிடம் கேட்டாள்: "எங்கப்பா கடைசியா என்ன சொன்னாரு?"

அவன் கல்லறையைப் பார்த்துச் சொன்னான். "நான் ஓடத்தான் பாத்தேன்க்கா. தண்ணி கேட்டாரு. வண்டியில இருந்த பாட்டில எடுத்துக் குடுத்தேன். நான் அழுதேன். 'பயப்படாதப்பா, இங்கயே இரு'ன்னாரு. அம்புட்டுத்தான்."

மரியபுஷ்பம் கல்லறை விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார். "இத என்கிட்ட சொல்லவே இல்லையேடா!"

"நீங்க கேக்கலம்மா. நானா சொன்னா, நல்ல பேரு வாங்குறதுக்குச் சொல்ற மாதிரி இருக்கும்."

இடித்தவனுக்குச் சாகப்போகிறவர் தைரியம் சொல்லியிருக்கிறார். ஜெனிபர் சத்தமில்லாமல் அழுதாள். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உன்னைய மன்னிச்சிட்டேன்னு நான் சொல்ல மாட்டேன்," என்றாள்.

"வேணாம்க்கா."

"நான் செத்த நேரம் அப்பாகிட்ட இருந்துட்டு வாரேன். அம்மாவப் பத்திரமா பஸ் ஏத்திக் கூட்டிட்டுப் போ."

திரும்பும்போதும் கார்த்தி அவர் பையைப் பிடித்தபடி நின்றுகொண்டுதான் வந்தான்.

கிறிஸ்தவ நம்பிக்கை என்றால் மனதுக்கு ஆறுதல் தரும் ஒன்று என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அது ஒரு மனுஷியை இவ்வளவு தூரம், இவ்வளவு வலியோடு நடக்க வைக்கும் என்று அன்றுதான் கண்ணால் பார்த்தேன். அந்த அதிர்ச்சி இன்னும் போகவில்லை. ஆனால், ஆண்டவர் உயிரோடு இருக்கிறார் என்பதில் எனக்கிருந்த சந்தேகம் போய்விட்டது.

போக நினைப்பவர்களுக்கு: ஞாயிறு காலைப் பேருந்தில் கூட்டம் இருக்கும், முன்கூட்டியே நிலையத்துக்குப் போங்கள். பூசை நேரத்தைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். தண்ணீர் எடுத்துப் போங்கள், வெயில் கடுமை. நீர்த்தேக்கம் எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள், நான் பார்க்கவில்லை. சொந்த வண்டியில் போகிறவர்கள் போனைப் பின்சீட்டில், கை எட்டாத இடத்தில் வையுங்கள். சாலை ஓரத்தில் சைக்கிளோடு யாராவது நின்றுகொண்டிருப்பார்கள்.

ஜெபிக்கும் வழக்கம் உள்ளவர்கள் அந்த மூன்று பேருக்காகவும் ஜெபியுங்கள். முதலில் ஜெனிபருக்காக.